நாலாவது அரும்பு

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வினிப்பெக், பெம்பினா வீதி.
கார்கள் மூக்கில் மின்வயர் செருகிச்
சுவரோடு கட்டப்பட்டு நிற்கின்றன.
உள்ளே ஜெல்லைச் சூடாக்கி வைத்திருக்கிறேன்.
இந்த அறையில் நான் தரக்கூடிய ஆறுதல்
அவ்வளவுதான்.

யோகாம்பிகை, ஐம்பத்தொன்பது,
பேக்கரியில் இரவு வேலை.
பரிந்துரைத் தாளில்: வயிறு உப்பல், நாலு மாதம்.
அவர் சொல்வது வேறு.
"காற்சட்டை இடுப்பிலை பூட்டேலாமல் போச்சு.
நான் பாண் கூடத் தின்னிறேல்லை, பிள்ளை."
என் சட்டையில் குத்திய பெயரை வாசித்ததுமே
தமிழுக்கு மாறிவிட்டார்.
நான் மாறியிருக்கக் கூடாது.
ஆங்கிலத்தில் என் முகம்
இதைவிட நன்றாகப் பூட்டிக்கொள்ளும்.

"வடிவாப் பாருங்கோ" என்கிறார்.
வடிவைத்தான் பார்க்கிறேன்.
வலது சூலகம்.
மாதவிடாய் நின்று எட்டு வருடத்தில்
ஒரு வாதுமைக் கொட்டையாய்ச் சுருங்கியிருக்க வேண்டியது
திரையின் விளிம்பைத் தாண்டுகிறது.
இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி,
இடையில் இழுத்த கோடு:
நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீற்றர்.
எலுமிச்சை, தோடம்பழம் என்று
பழக்கடைக் கணக்குச் சொல்வது டொக்டர்களின் வழக்கம்.
எனக்கு மில்லிமீற்றர் போதும்.

கறுப்பு என்றால் நீர். கறுப்புக்குப் பயமில்லை.
ஒரே அறை, மெல்லிய சுவர், உள்ளே வெறும் கறுப்பு என்றிருந்தால்
என் தோள்கள் எப்போதோ இறங்கியிருக்கும்.
இங்கே அறைகள் பல.
ஒரு தடுப்பு, பாதியில் தடிக்கிறது.
சுவரிலிருந்து உள்நோக்கி
அரும்புகள்.

ஒன்று.
இரண்டு.
மூன்றாவது, தடுப்பின் பின்னால் பாதி மறைந்து.
நாலென்றால் கணக்கு மாறும்.
எத்தனையோ பெண்களின் படங்களைப் பார்த்து
எங்கோ சிலர் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே
கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.
கையைச் சாய்க்கிறேன்.
"மூச்சைப் பிடியுங்கோ."
பிடிக்கிறார். நானும்.

நிழல் தேடுகிறேன்.
என் தொழிலில் நிழல் விழுந்தால் நல்ல சேதி.
ஒலியை மறித்து, முதுகுப்புறம் இருட்டாக்கும் கட்டி
பெரும்பாலும் அப்பாவி.
இதன் பின்னால் நிழலில்லை.
ஒலி கேட்பாரற்றுப் போய்வருகிறது.

நிறத்தைத் திறக்கிறேன்.
சிவப்பு என்னிடம் வரும் இரத்தம்,
நீலம் என்னைவிட்டுப் போவது.
நல்லது கெட்டது நிறத்தில் இல்லை.
ஆனால் ஒரு அரும்புக்கு
இவ்வளவு போக்குவரத்து எதற்கு?

"பிள்ளை, ஏன் கதைக்கேல்லை?"
"அளக்கிறன், அன்ரி."
"அளந்தால் தெரியுமோ?"
"டொக்டர் பார்த்துச் சொல்லுவார்."

நாளுக்குப் பதினைந்து தடவை சொல்லும் வசனம்.
ஒன்றுமே இல்லாதவர்களுக்கும்
இதே குரலில் சொல்லப் பழகியிருக்கிறேன்,
யாரும் எதையும் கண்டுபிடிக்காதபடி.
பதினொரு வருடப் பழக்கம்.
இன்று கடைசிச் சொல்
ஒரு மாத்திரை நீண்டுவிட்டது.
அவருக்கு அது கேட்டுவிட்டது.
கூரையைப் பார்த்துக்கொண்டு
"சரி" என்றார்,
நான்தான் ஏதோ கேட்டதுபோல.

நாலாவதைக் கண்டது அப்போது.
கீழே, ஓரமாய். ஐந்து மில்லிமீற்றர் உயரம்.
படத்தை உறைய வைத்தேன்.
அம்புக்குறி போட்டேன்.
நான் பார்த்ததில் வடிவான படம் அது.
வெட்கமாக இருந்தது.

துடைக்கத் துவாய் கொடுத்தேன்.
"வயரைக் கழட்டாமல் காரை எடுத்திடாதேங்கோ."
சொல்ல அனுமதி உள்ளவற்றில்
அதுதான் மிச்சமிருந்தது.
"அதெல்லாம் போன வருசமே செய்தாச்சு" என்று சிரித்தார்.

அறிக்கை எழுதுபவரைத் தொலைபேசியில் பிடித்து
இன்றே பாருங்கள் என்றேன்.
வரிசையில் இருக்கிறது என்றார்.
வரிசையை விடுங்கள் என்றேன்,
என் குரல் எனக்கே புதிதாக.

நடையின் யன்னலில் அவர் தெரிந்தார்.
செம்மஞ்சள் வயரை முழங்கைக்கும் பெருவிரலுக்கும்
சுற்றிக்கொண்டு நின்றார்.
சுற்றியதை உதறினார்.
மறுபடி முதலிலிருந்து சுற்றினார், இன்னும் ஒழுங்காக.
அந்தக் குளிரில்
கையுறை இல்லாமல்.

அடுத்த பெயர் திரையில் வந்துவிட்டது.
ஜெல் இன்னும் சூடா என்று
புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன்.